பிலோமி அக்காவின் கொழுப்புப் பரீட்சை

என் அக்காவின் வயிறு இரண்டு மாதமாக உப்பிக் கிடக்கிறது என்பதற்காகத்தான் சிங்கப்பூரில் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். மேலதிகாரி காரணம் கேட்டார். அக்காவுக்கு வாயு என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வாயு என்று சொன்னது அக்கா. நான் நம்பவில்லை. எங்கள் அம்மாவுக்கும் முதலில் வாயு என்றுதான் சொன்னார்கள். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, கோலி சோடா என்று ஆறு மாதம் ஓட்டினோம். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது அது சினைப்பையில் வந்த புற்றுநோய், வயிறு முழுக்கப் பரவியும்விட்டது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அம்மா இல்லை. ஆகவே பிலோமி அக்கா வீடியோ காலில் வயிற்றைத் தட்டிக் காட்டி, "தவில் கணக்கா இருக்குடி ஸ்டெல்லா" என்று சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்கேன் எடுத்தாயா என்று கேட்டேன். "எடுக்கணும். மொதல்ல கொழுப்பக் கொறச்சுக்கிறேன்" என்றாள்.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். மாதா கோயிலில் நடந்த மருத்துவ முகாமில் அக்காவின் ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே வாரம், ரத்தக் கொழுப்பு கூடினால் சினைப்பையில் புற்றுநோய் வரும் என்று யாரோ ஒரு புண்ணியவான் அவளுடைய போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். இரண்டையும் சேர்த்து அக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். கொழுப்பைக் குறைத்துவிட்டு ஸ்கேனுக்குப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது! முப்பத்து நாலு வருடம் டீச்சர், அதில் கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியை. படிக்காமல் பரீட்சைக்குப் போவது என்பது அவள் ரத்தத்திலேயே கிடையாது.

என் வேலை என்னவோ எளிதுதான். பத்து நாளுக்குள் அவளை ஸ்கேன் மேஜையில் ஏற்றிப் படுக்க வைக்க வேண்டும். பெட்டியில் தைலம், சாக்லேட், இவற்றோடு என்னுடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்தேன். அலுவலகத்தில் வருடா வருடம் எடுப்பது. கொழுப்பு வகையறா அத்தனையும் நார்மல். ஏழு வயது மூத்த அக்காவைவிட வாழ்நாளில் முதல் தடவையாக நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன், காட்டாமல் வர முடியுமா?

விமானத்தில் நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொஞ்ச காலமாகவே அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி. நான் நாலாவது தடவை எழுந்தபோது, "உனக்குச் சர்க்கரை நோயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை, வயது ஐம்பத்து நாலு, அவ்வளவுதான் என்றேன். "எனக்கு எழுபத்திரண்டு. நான் ஒரு தடவைதான் போனேன்" என்றாள். வம்பு பிடித்த கிழவி. அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடித்தேன்.

மதுரையில் இறங்கி பஸ் ஏறினேன். சிங்கப்பூரில் கழிப்பறைகளுக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள், ஓட்டலுக்குக் கொடுப்பது போல. வாடிப்பட்டி தாண்டும்போது எனக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தேவைப்படவில்லை, நாலு சுவர் இருந்தால் போதும் என்ற நிலை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அக்கா கையை விரித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைத் தாண்டி ஓடினேன். பெட்டியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றவள், நான் திரும்பி வந்ததும் மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடி இது, மூஞ்சி வத்திப் போயிருக்கு, வயிறு மட்டும் முன்னால வருது?"

"தையல்காரி அளவத் தப்பா எடுத்துட்டாக்கா. மூணு சுடிதாரும் இடுப்புல இறுக்கம்" என்றேன். சிங்கப்பூரில் தேக்கா கடைத்தெருவில் அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே ஒரு சண்டை போட்டிருந்தேன். "என்னை விடு. நாளைக்கே ஸ்கேனுக்குப் போறோம்."

"நாளைக்கா? இன்னும் போர்ஷனே முடியல" என்றாள் அக்கா.

அவள் பாடத்திட்டம் சுவரில் ஒட்டியிருந்தது. நான் பொய் சொல்லவில்லை, காலண்டர் பக்கத்தில், சிவப்பு மையில், கோடு போட்டு. எண்ணெய் கிடையாது. தேங்காய் கிடையாது. காலையில் பூண்டு ஆறு பல். மாலையில் நாற்பது நிமிடம் நடை. தவக்காலமாகவும் இருந்ததால் கறியும் கிடையாது, ஆண்டவருக்கு ஒன்றும் கொழுப்புக்கு ஒன்றுமாக ஒரே பட்டினியில் இரண்டு வேலை. வீடு பேகம்பூர் பக்கம். வாசலைத் திறந்தாலே நாலு திசையிலும் பிரியாணி மணக்கும். அந்த மணத்தின் நடுவில் உட்கார்ந்து வேகவைத்த சுரைக்காய் தின்கிறவளை என்னவென்று சொல்வது?

அடுத்த நாள் நான் பிரியாணிக்குப் போனேன். அக்கா கூடவே வந்தாள், எதிரில் ஓர் எலுமிச்சைச் சாறை வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்க்க. சிங்கப்பூரில் பிரியாணி என்றால் நீள அரிசி, பக்கத்தில் வெள்ளரிக்காய் ஊறுகாய், நடுவில் பெரிய ஆட்டுக்கால் துண்டு ஒன்று மல்லாந்து கிடக்கும். இங்கே சீரகச் சம்பா. பொடி அரிசி, பொடிக் கறி, மிளகுக் காரம். இந்த ஒரு தட்டுக்காக நான் இரண்டு வருடமாக ஏங்கிக் கிடந்தேன். ஏழெட்டு வாய் வைத்தேன், பாதித் தட்டைக்கூடத் தாண்டவில்லை, தொண்டைவரை நிறைந்துவிட்டது.

பரிமாறுகிறவர் வந்து நின்றார். "ஏங்க்கா, பிடிக்கலையா? தொட்டுக்க வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வைக்கவா?"

"அம்புட்டும் நல்லாருக்கு தம்பி. விமானத்துல தின்னது செரிக்கல."

"விமானத்துல தின்னு ஒரு நா முழுக்க ஆச்சு" என்றாள் அக்கா. "கோழி கணக்கா கொத்திட்டு இருக்க."

"உன் வயித்தப் பாருக்கா மொதல்ல" என்றேன். திரும்பும் வழியில் யாருக்கும் தெரியாமல் சுடிதார் நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு சகர்பானு ஒரு தூக்குவாளியோடு வந்தாள். ரம்ஜான் மாதம். பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி அவள் வீட்டுக்கு வந்தால் அடுத்த நிமிடம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிடும். இது என் அக்கா இந்த வீட்டுக்குக் குடி வந்த வருடத்திலிருந்து நடக்கிறது. அக்கா இரண்டு டம்ளர் மடக் மடக்கென்று குடித்தாள். எனக்கு மூக்கு வேலை செய்தது. பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால், அதற்கும் அடியில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆட்டுக்கறிக் கைமா.

"அக்கா, இதுல கறி கெடக்கு."

"கஞ்சிதானடி."

"கைமா!"

"கண்ணுக்குத் தெரியாத கறி கணக்குல வராது" என்றாள் முன்னாள் தலைமையாசிரியை.

சகர்பானு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வெள்ளிக்கெழம மட்டும் டீச்சரக்காவுக்குக் கறி ஆகாதுல்ல, அன்னிக்கு நானே கறி போடாம வீட்டுல தனியாக் காய்ச்சிக் குடுத்துருவேன் தங்கச்சி. மத்த நாளைக்கு அவக பாடு, ஆண்டவர் பாடு." தான் நோன்பு இருந்துகொண்டே அடுத்தவள் நோன்புக்குக் கஞ்சி காய்ச்சுகிற பெண்மணி. அவளை எப்படித் திட்டுவது? நானும் ஒரு டம்ளர் வாங்கினேன். அரை டம்ளரில் நிறைந்துவிட்டது.

மூன்றாம் நாள் பூண்டு தீர்ந்துவிட்டது. கடைப் பூண்டு சரிப்படாதாம், கொடைக்கானல் மலைப்பூண்டுதான் கொழுப்பைக் கரைக்குமாம். சேவுகம்பட்டியில் அக்காவிடம் படித்த ஒரு பெண் மலையிலிருந்து பூண்டு தருவித்து வைத்திருக்கிறாள், போய் வாங்கி வருவோம் என்றாள். பூண்டு வாங்கி வந்த மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு வருவதாக மாதா படத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். நாற்பது வயது, தொப்பை, மீசை. "டீச்சர், நான் முருகேசன். ஆறாப்பு பி."

"ஏலே முருகேசா! ஒம்பதாம் வாய்ப்பாடு இப்பயாச்சும் வருதா?"

"அதான் டிக்கெட் மிஷின் குடுத்துட்டாங்கல்ல டீச்சர்."

ஆத்தூர் விலக்கு வருவதற்குள் எனக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன். செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லிப் பார்த்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள், முருகேசனைப் பார்த்தாள், அவ்வளவுதான். விசில் அடித்தது. "டீச்சர் தங்கச்சிக்கு அவசரம்! எல்லாரும் செத்த நேரம் பொறுத்துக்கங்க!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான் அந்த நன்றியுள்ள மாணவன். ரோட்டோர வீட்டு அம்மா ஒருவர், மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவர், ஒன்றும் கேட்காமல் கொல்லைப்புறத்தைக் கை காட்டினார். அந்த அம்மா நூறு வருடம் நல்லா இருக்கட்டும்.

திரும்பி ஏறியபோது பஸ்ஸில் எனக்கான மருத்துவக் குழு கூடியிருந்தது. "உடம்புச் சூடு. வெந்தயத்த ஊறப்போட்டுக் குடிங்க." "அதெல்லாம் இல்ல, வெளிநாட்டுத் தண்ணி ஒத்துக்கல." "ஏன்த்தா, சர்க்கர பாத்தியா?" "மூணு புள்ள பெத்தா அப்படித்தான்." எனக்கு ஒரே மகன்தான் என்றேன். ஒன்றானாலும் அப்படித்தான் என்று முடித்துவிட்டார்கள். சிங்கப்பூர் ரயிலில் நான் செத்து விழுந்தாலும் ஒருவர் போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். இங்கே ஆளுக்கொரு வைத்தியம். அக்கா மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பேசாமல் வருவது வழக்கமில்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நாலாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கே குளித்துவிட்டு அக்கா தயார். பன்னிரண்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் இறக்கவில்லை. கோயிலில் பூசையை முடித்துக்கொண்டு நேரே பரிசோதனைக் கூடம். ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு ரத்தம் எடுக்கிற பெண் கேட்டாள்: "எதாச்சும் சாப்ட்டீங்களா மேடம்?"

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. என் அக்காவுக்குப் பொய் வராது. அதுவும் தவக்காலத்தில் வரவே வராது. "பூசையில நன்மை வாங்குனேன்" என்றாள்.

"அப்டின்னா?"

"அப்பந்தாம்மா. கோயில்ல குடுக்குறது."

"அப்பமா? தேங்காப்பால் ஊத்தியா?"

நான் வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். உள்ளே அக்கா நற்கருணையைப் பற்றி ஒரு மறைக்கல்வி வகுப்பே எடுத்துக்கொண்டிருந்தாள். கோதுமை மாவு, புளிப்பில்லாதது, இம்புட்டுத்தான் இருக்கும் என்று விரல் நகத்தைக் காட்டினாள். அந்தப் பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தன கிராம் இருக்கும் மேடம்?" என்றாள். அக்காவுக்கு அறுபத்தோரு வயதில் இந்தக் கேள்வி முதல் தடவை. பரிசோதனைக் கூடத்தின் பெரிய டாக்டரிடம் போனில் கேட்டார்கள். அவ்வளவு சின்னதால் ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லியும் அக்கா ஒப்பவில்லை. சந்தேகத்தோடு பரீட்சை எழுத மாட்டாளாம், நாளைக்கு வருகிறாளாம்.

அடுத்த நாள் பூசைக்குப் போகாமல் வந்து ரத்தம் கொடுத்தாள். சாயங்காலம் ரிப்போர்ட். முகாமில் சொன்னதைவிட இன்னும் கூடியிருந்தது. மூன்று வாரச் சுரைக்காய், கால் கிலோ மலைப்பூண்டு, நாற்பது நிமிட நடை எல்லாம் ஒரு பக்கம்; தினமும் இரண்டு டம்ளர் தேங்காய்ப்பால் கைமாக் கஞ்சி மறுபக்கம். நான் இதுதான் சமயம் என்று என்னுடைய சிங்கப்பூர் ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் விரித்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"ஒனக்கு எல்லாம் நல்லாத்தான இருக்கு" என்றாள். அவள் குரலில் பொறாமை இல்லை. என்னவோ ஒரு நிம்மதி இருந்தது. பிறகு தன்னுடையதை மடித்து வைத்தாள். "நான் ஜூன்ல மறுபடி எழுதிக்கிறேன். அப்புறமா ஸ்கேன்."

எனக்கு வந்ததே கோபம். "அம்மாவும் இப்படித்தான்க்கா அடுத்த வாரம், அடுத்த மாசம்னு சொல்லிச்சு! நான் அங்க உக்காந்து போன்ல கேட்டுக்கிட்டே இருந்தேன். நீயும் நானும் சேர்ந்துதான சோடா வாங்கிக் குடுக்கச் சொன்னோம்? இன்னொரு தடவ என்னால முடியாது!" கத்திவிட்டு அழுதுவிட்டேன். அக்கா சுவரில் ஒட்டிய பாடத்திட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயமா இருக்குடி" என்றாள். "அந்த மேஜையில அம்மாவ ஏத்தி விட்டது நான்தான்."

இந்த நேரம் பார்த்துத் தூக்குவாளியோடு சகர்பானு வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு வாளியைக் கீழே வைத்தாள். "டீச்சரக்கா, என் மவன் கணக்குல பெயிலானப்ப எங்க வீட்டுல வந்து ஒக்காந்து ஆறு மாசம் சொல்லிக் குடுத்தீகளே, ஞாபகம் இருக்கா? பாஸான புள்ள வீட்டுக்கா போனீக? பெயிலானவுகளத்தான மொதல்ல பாக்கணும்?"

முப்பத்து நாலு வருடம் அக்கா செய்த வேலையே அதுதான். மூக்கைச் சிந்திவிட்டு, "நாளைக்குக் காலையில ஆட்டோ சொல்லு" என்றாள். அன்று கஞ்சியில் கறி இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆறாம் நாள். ஸ்கேன் எடுக்க வயிறு காலியாகவும் மூத்திரப்பை நிறைந்தும் இருக்க வேண்டுமாம். அக்காவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத நான் அந்த முக்கால் மணி நேரத்தில் மூன்று தடவை போய் வந்தேன். நர்ஸ் குழம்பிப் போய், "ஸ்கேன் உங்களுக்கா, அவங்களுக்கா?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன்.

டாக்டர் இளம்பெண். ஒட்டன்சத்திரம் பக்கம் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது. அக்கா மேஜையில் ஏறுவதற்கு முன்பே தன்னுடைய கொழுப்பு ரிப்போர்ட்டை நீட்டி மன்னிப்புக் கேட்டாள், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி. அதைக் குறைத்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன், அது கூடினால்தானே அந்த நோய் வரும் என்றாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "ஏனுங்க டீச்சர், அதப்பத்தி ஆராய்ச்சி பண்ணீட்டுத்தானுங்க இருக்காங்க. சிலதுல சம்பந்தம் இருக்கற மாதிரி தெரியுதுங்க, சிலதுல இல்லீங்க. இன்னும் முடிவா யாரும் சொல்லல. கொழுப்பு கூடுனா இதயத்துக்கு ஆகாது, அதுக்குக் கொறைக்கோணும். ஆனா அந்த நம்பரப் பாத்து சினைப்பையில என்ன இருக்குன்னு சொல்ல முடியாதுங்க. கூடுனவங்களுக்கு ஒண்ணும் இல்லாமப் போகலாம், கம்மியா இருக்கறவங்களுக்கு வரலாம். உங்கம்மாவுக்கு இருந்துச்சுன்னீங்க பாருங்க, எனக்கு அதுதான் முக்கியம்."

ஸ்கேன் முடிந்தது. சினைப்பை இரண்டும் அக்காவின் வயதுக்கு இருக்க வேண்டிய மாதிரி சுருங்கிப் போய், சமர்த்தாக இருந்தன. பித்தப்பையில் மூன்று கல். உப்புசத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும், சாவகாசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் மாதாவுக்கும் சகர்பானுவுக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். வந்த வேலை முடிந்தது, இனி நாலு நாளைக்குப் பிரியாணி என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

டாக்டர் எதற்கும் கேட்டு எழுதிக்கொள்கிறேன் என்று படிவத்தை எடுத்தார். அக்காவைப் பார்த்து, "கொஞ்சமாச் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்ச மாதிரி ஆயிருதுங்களா?" என்றார்.

"எனக்கில்ல டாக்டர்" என்றாள் அக்கா. "பிரியாணியப் பாதித் தட்டுல வச்சது இவ."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "அடிக்கடி ஒண்ணுக்குப் போகோணும் போல இருக்குதுங்களா?"

"பஸ்ஸ நிப்பாட்டுனது இவ. இப்ப முக்கால் மணி நேரத்துல மூணு தடவ போனா."

"இடுப்புத் துணி இறுகுதுங்களா?"

"நாடாவத் தளத்தித் தளத்திக் கட்டுறா. நான் பாக்கலன்னு நெனப்பு." அக்காவின் குரல் உடைந்தது. "பஸ்ஸுலயே நெனச்சேன் டாக்டர். ரிப்போர்ட் எல்லாம் நல்லாருக்குன்னு இவ காட்டவும் மனசத் தேத்திக்கிட்டேன்."

"எத்தன நாளா இருக்குதுங்க?" இந்தத் தடவை கேள்வி என்னிடம் நேரே வந்தது.

தையல்காரியிடம் சண்டை போட்டது தீபாவளிக்கு முன்னால். நான் விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை விரல் போதவில்லை. பத்து நாள் விடுப்புத்தான் இருக்கிறது, அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன், எனக்குக் கொழுப்பெல்லாம் நார்மல் என்றேன். என் வாயிலிருந்துதான் அது வந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.

என் அக்கா எழுந்து நின்று, பள்ளிக்கூட வராந்தாவில் முந்நூறு பிள்ளைகளை ஒரு சொல்லில் அடக்கும் அந்தக் குரலில் சொன்னாள்: "ஸ்டெல்லா. ஏறிப் படு."

ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தேன். கழிப்பறைக் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அக்கா காவல் உட்கார்ந்தாள். அந்த முக்கால் மணி நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமானது, இரண்டு காரணங்களுக்காகவும். பிறகு மேஜையில் படுத்தேன். டாக்டரின் கை இடப்பக்கம் வந்ததும் நின்றது. கொஞ்சம் போய்த் திரும்பி வந்தது, மறுபடி நின்றது. அக்கா என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் போகும் விமானத்தை விட்டுவிட்டேன். பதினோராம் நாள் மதுரையில் அறுவை சிகிச்சை. கர்ப்பப்பை, சினைப்பை என்று இருந்த குடித்தனம் மொத்தத்தையும் காலி செய்தார்கள். இடது பக்கத்துக் கட்டி கெட்டதுதான். ஆனால் முதல் நிலை, வெளியே எங்கும் போகவில்லை. கீமோ மருந்து ஏற்ற வேண்டியதில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார்கள். அம்மாவுக்கும் தங்கைக்கும் வந்துவிட்டதால் அக்காவுக்கும் மரபணுவைப் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். "இதுக்குப் பட்டினி கெடக்கணுமா?" என்று கேட்டாள். வேண்டாம், இதற்குத் தயார் பண்ண ஒன்றும் கிடையாது என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் சுவரைப் பார்த்தேன். பாடத்திட்டத்தைக் காணோம். அந்த இடத்தில் என்னுடைய சிங்கப்பூர் ரிப்போர்ட் ஒட்டியிருந்தது. அதன் குறுக்கே சிவப்பு மையில், அவளுடைய மணி மணியான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: கேட்ட கேள்விக்கு இது விடை அல்ல. எத்தனை மார்க் என்று கேட்டேன். "பேப்பரக் கசக்காம வச்சிருந்ததுக்கு ஒரு மார்க்" என்றாள்.

இன்று ஈஸ்டர். சகர்பானு நேற்றே சொல்லிவிட்டாள், உங்கள் நோன்பு முடிகிற நாளைக்கு என் வீட்டுச் சாப்பாடுதான் என்று. ரம்ஜான் முடிந்தே நாளாகிவிட்டது, ஆனாலும் தூக்குவாளி வந்தது. சீரகச் சம்பா, மிளகுக் காரம், இந்தத் தடவை கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி கறி. பித்தப்பைக் கல்லை எடுக்கும்வரை அக்காவுக்கு எண்ணெய் கூடாது. நாற்பது நாள் காத்திருந்தவள் தட்டில் இரண்டு இட்லி. நான் பாவம் பார்த்து உள்ளே எடுத்துப் போய்ச் சாப்பிடுகிறேன் என்றேன்.

"இங்கயே ஒக்காரு" என்றாள். "நான் பாக்கணும்."

எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இட்லியைக்கூடப் பிய்க்காமல் உட்கார்ந்தாள். பாதித் தட்டு தாண்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நான் தட்டை வழித்தேன். கடைசி எலும்பையும் உறிஞ்சிப் போட்டேன்.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்றாள் அக்கா.

"வையி" என்றேன்.